மழையை ஒத்திவைத்த மாநகராட்சி

ஊருக்கு ஊர் ஒரு மழைக்கதை உண்டு. எந்த ஊர் டீக்கடையில் போய் உட்கார்ந்தாலும் யாராவது ஒருத்தர் ‘அந்த வருஷம் பேஞ்ச மழை இருக்கே’ என்று ஆரம்பிப்பார், நாங்கள் ஏழூரணிக்காரர்கள் மட்டும்தான் ‘அந்த வருஷம் பெய்யாம நின்ன மழை இருக்கே’ என்று ஆரம்பிப்போம், கேட்கிறவர் ஏதோ பஞ்சத்தைச் சொல்கிறோம் என்று நினைத்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வார், ஐயோ பஞ்சமில்லை சாமி, மழை வந்தது, நன்றாகவே வந்தது, வந்து பாதி வழியில் நின்றுவிட்டது, எங்கள் மாநகராட்சி அதை ஒத்திவைத்துவிட்டது என்று நாங்கள் விளக்குவதற்குள் அவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போயிருப்பார். போகட்டும். உங்களுக்கு அவசரமில்லை என்றால் உட்காருங்கள், சொல்கிறேன்.

ஏழூரணி என்று பெயர்தானே தவிர, ஒரு ஊரணிமேல் பஸ் ஸ்டாண்டு நிற்கிறது, ஒன்றின்மேல் கோர்ட்டு, ஒன்றின்மேல் கல்யாண மண்டபம், இப்படியே மேலே மேலே கட்டிக்கொண்டு போய்க் கடைசியாக ஊருக்குக் கிழக்கே ஒரே ஒரு ஊரணிதான் தண்ணீரோடு பாக்கி. மேற்கே பாறைமேட்டில் இருக்கிற மேட்டுத்தெரு ஒன்றாம் வார்டு, அங்கேதான் மேயர் கோமதிநாயகம் வீடு. அங்கிருந்து ஊர் சரிந்து சரிந்து வந்து முடிகிற இடம் கீழப்பள்ளம், அது கடைசி வார்டு, அங்கேதான் என் வீடு. மேட்டில் பெய்தாலும் கடைத்தெருவில் பெய்தாலும் அத்தனை தண்ணீரும் ஊரணிக்குப் போகிற வழியில் எங்கள் வீட்டுக்குள் வந்து நலம் விசாரித்துவிட்டுத்தான் போகும். பெயரிலேயே பள்ளத்தை வைத்துக்கொண்டு தண்ணீரைக் குறை சொன்னால் எப்படி என்று மேட்டுத்தெருக்காரர்கள் எங்களிடம் நியாயம் பேசுவார்கள், வாயில் நன்றாக வந்துவிடும், அடக்கிக்கொள்வோம்.

நான் மாநகராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அடுத்த வீட்டுச் சகாயராணிதான் எங்கள் வார்டு கவுன்சிலர். அவள் அப்பா சூசைமாணிக்கம், எனக்கு மாமா முறை, பனையிலிருந்து விழுந்ததில் இடுப்புக்குக் கீழே அசைவு கிடையாது, வாய்க்கு மட்டும் ஒரு சேதாரமும் இல்லை. ஒவ்வொரு ஐப்பசியும் தண்ணீர் வீட்டுக்குள் வரும்போது அடுப்பைப் பரணில் ஏற்றிவிட்டு நாங்கள் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து அவரையும் ஏற்றுவோம். ஒரு வருஷம் காலையில் எல்லாரும் வேலைக்குப் போன நேரத்தில் தண்ணீர் வந்துவிட்டது. நாங்கள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கட்டில் முழுகித் தண்ணீர் அவர் வாய்வரைக்கும் வந்துவிட்டது, மனுஷன் கழுத்தை நீட்டி மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு மூக்கால் மூச்சுவிட்டுக் கிடந்தார், அப்போதுதான் முதல்முறையாக அவர் பேசாமல் இருந்ததைப் பார்த்தேன். அந்த வயிற்றெரிச்சலில்தான் சகாயம் தேர்தலில் நின்றாள். மற்றவர்கள் மைக்கில் என்னென்னவோ வாக்குறுதி கொடுத்தார்கள், இவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “எங்கப்பா தரையில கட்டில் போட்டுப் படுக்கணும். அதுக்குத்தான் நிக்கிறேன்.” ஜெயித்துவிட்டாள்.

ஜெயித்து என்ன செய்ய? கூட்டத்துக்குக் கூட்டம் கீழப்பள்ளம் வடிகாலைத் தூர்வாரச் சொல்லி விவாதப் பொருள் வைப்பாள், அதைக் கடைசிப் பொருளாகப் போடுவார்கள், கடைசிப் பொருள் வரும்போது சரியாக வடை வந்துவிடும், வடை வந்துவிட்டால் எங்கள் மன்றத்தில் எதுவும் நிற்காது, எல்லாம் ஒத்திவைக்கப்படும். மேயர் கெட்ட மனுஷர் இல்லை, யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர், அதனால் எல்லாரிடமும் அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று சொல்லியே முடி நரைத்தவர்.

அந்த ஐப்பசிக் கூட்டத்தன்று வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மன்றத்தில் பொருள் வாசிக்கிற பூவலிங்கம் சார், ‘மழைநீர் வடிகால் தூர்வாரும் பணி ஒத்திவைக்கப்படுகிறது’ என்று வாசிக்க வேண்டியது. ‘மழை’ என்று வாயைத் திறந்தார், திறந்த வாய்க்குள் சூடாக ஒரு வடையை வைத்தார், நடுவில் இருந்த நீர், வடிகால், தூர், பணி எல்லாம் வடையோடு சேர்ந்து வயிற்றுக்குள் போனது, பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு ‘ஒத்திவைக்கப்படுகிறது’ என்றார். உறுப்பினர்கள் எப்போதும்போல மேஜையைத் தட்டினார்கள். மன்றம் தீர்மானித்துவிட்டது: மழை ஒத்திவைக்கப்படுகிறது.

வெளியே மழை அப்படியே நின்றது. ஓய்ந்தது என்று சொல்லவில்லை, நின்றது என்கிறேன். ஒவ்வொரு துளியும் வந்த வழியில் வந்த உயரத்தில் நின்றது, கடைத்தெருவில் மூன்றாவது மாடிக்கு நேராக அதன் அடிமட்டம் இருந்தது, அதற்கு மேலே கண்ணுக்கு எட்டிய தூரம்வரை துளியாகத் தொங்கியது. நான் கடைக்கு வெளியே காயப்போட்டிருந்த குடையை எடுத்து விரித்துப் பார்த்தேன், பிறகு மடக்கி வைத்துவிட்டு, வந்த வாடிக்கையாளருக்கு ரேஷன் கார்டு நகல் எடுத்துக் கொடுத்தேன். அவர் மேலே பார்த்தார். “என்னக்கா, நிக்குது?” “ஒத்திவச்சிருக்காங்களாம்.” “அப்படியா? ரெண்டு பக்கமும் எடுங்க” என்றார்.

எங்கள் ஊர் எதற்குத்தான் பழகாது சொல்லுங்கள். நின்ற துளி தானாகத்தான் இறங்காதே தவிர, பாத்திரத்தைக் கொண்டுபோனால் சமர்த்தாக வந்துவிடும். ஆகவே மாங்காய் பறிக்கிற துறட்டியில் சொம்பைக் கட்டிக்கொண்டு பெண்கள் மொட்டை மாடிக்குப் போனார்கள். பள்ளிக்கூடத்தில் மூன்றாவது மாடி வகுப்புகளுக்கு மட்டும் மழை விடுமுறை விட்டார்கள், மறுநாளே எல்லாப் பிள்ளைகளும் தங்களை மூன்றாவது மாடிக்கு மாற்றச் சொல்லி அழுதன. காக்காய்கள் மேலே போய்க் குளித்துவிட்டுக் கீழே வந்து வெயில் காய்ந்தன. வெயில் துளிகளுக்குள் புகுந்து இறங்கியதால் தெருவெல்லாம் வானவில்லாகக் கிடந்தது, முதல் இரண்டு நாள் போட்டோ எடுத்தோம், பிறகு வண்டி நிறுத்த இடம் பார்க்கும்போது அதுவும் ஒரு தொந்தரவாகிவிட்டது. டிவியில் வானிலை சொல்கிற பெண் ஏழூரணி பகுதியில் கனமழை நிற்கும் என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். எதிர்க்கட்சிக்காரர்கள் ‘மழையை உடனே விடுதலை செய்’ என்று சுவரொட்டி ஒட்டினார்கள், ஆளுங்கட்சிக்காரர்கள் ‘வெள்ளமில்லா ஏழூரணி தந்த வித்தகரே’ என்று மேயருக்கு உயரமாக ஒரு பிளக்ஸ் வைத்தார்கள், உயரம் கொஞ்சம் கூடிப்போனதால் மேயர் முகம் மட்டும் மழைக்குள் போய் ஊறி வீங்கியது.

கீழப்பள்ளத்தில் நாங்கள் இருந்த இருப்பைக் கேளுங்கள். மழை எங்களுக்கு எட்டாத உயரத்தில், பனைமரத்துக்கும் மேலே நின்றது, பிறந்ததிலிருந்து முதல்முறையாக ஐப்பசியில் எங்கள் வீட்டுத் தரை காய்ந்து கிடந்தது. சூசை மாமா கட்டிலை வாசலுக்கு நேராகப் போடச் சொல்லி, போகிற வருகிறவர்களையெல்லாம் வம்புக்கு இழுத்தார். “ஏ சகாயம், இந்த வருஷம் தண்ணி இன்னும் நம்ம வீட்டுக்கு வரலியே, வழி மறந்துருச்சா? மேயர்கிட்டச் சொல்லி ஒரு பத்திரிகை வைக்கச் சொல்லு.” சகாயம் சிரிக்க மாட்டாள். மேலே நிற்கிற மழையைப் பார்ப்பாள், அப்பாவைப் பார்ப்பாள். பின்னால் வருகிற மேகமெல்லாம் வந்து வந்து அதன்மேல் ஏறி நின்றுகொண்டே இருந்தது, வெயில் நாளுக்கு நாள் மங்கியது. ஒருநாள் கடையில் வந்து உட்கார்ந்து என்னிடம் சொன்னாள்: “மதினி, எனக்குப் பயமா இருக்கு. இதெல்லாம் ஒரேயடியா எறங்குனா எங்கப்பாவ எந்தப் பரண்ல ஏத்துவேன்? பரணே முழுகிப்போகுமே.”

மேட்டுத்தெருவில் கதை வேறு. மழை மட்டம் பார்த்து நேர்கோட்டில் நின்றது, ஊர்தான் மேடும் பள்ளமுமாக இருந்தது. அதனால் எங்கள் பனைக்கு மேலே நின்ற அதே மழை மேட்டுத்தெருவில் முழங்கால் உயரத்தில் நின்றது. வெள்ளம் என்றால் பேப்பரில் படிக்கிற சமாசாரம் என்று இருந்தவர்கள் வாசலைத் திறந்தால் மழைக்குள் போக வேண்டும், மழைக்குள் வர வேண்டும். போதாததற்குப் புதிதாக வந்த மழை, கல்யாண வீட்டில் கூட்டம் கூடினால் அடுக்களைக்குள் போய் நிற்பார்களே, அதுபோல ஜன்னல் வழியாக வீடுகளுக்குள் போய் நின்றது. மேயர் வீட்டு நடுக்கூடத்தில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் மழை. அவர் மனைவி மரகதவல்லி அம்மாள் துளிகளை இரண்டு கையாலும் விலக்கிவிட்டுத்தான் சீரியல் பார்த்தார். அடுப்பில் சாம்பாராக ஏறியது இலைக்கு வரும்போது ரசமாக இருந்தது. மேயர் கட்டிலில் குடை விரித்துப் படுத்தார், சளி பிடித்தது, தும்மல் பிடித்தது, வாழ்நாளில் எந்த விஷயத்தையும் இன்றைக்கே என்று சொல்லாத மனுஷர் “இன்னைக்கே எறக்கணும், இப்பவே எறக்கணும்” என்று போனில் கத்துவதைக் கேட்டு அலுவலகமே திகைத்துப்போனது.

இறக்கவும்தான் வேண்டியிருந்தது, அதை நாங்களும் மறுக்க முடியாது. கூரை முழுக்கத் தண்ணீரை வைத்துக்கொண்டு கீழே நிலம் வெடித்தது. துறட்டிச் சொம்பில் எத்தனை பேர் குளிப்பது, எத்தனை மாடு குடிப்பது? எங்கள் தெரு அடிபம்பு அடித்தால் காற்றுதான் வந்தது. இப்படியே தொங்கட்டும் என்று சகாயம் எழுந்து சொன்னால் ஊர் அவளை அடிக்க வரும், இறக்குங்கள் என்று சொன்னால் அப்பா போய்விடுவார். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்க எனக்கே ஆற்றாமையாக இருந்தது.

கார்த்திகையில் எங்கள் மாநகராட்சிக்கு ஒரு வருடாந்திரக் கூட்டம் உண்டு. காலநிலைச் செயல்திட்டம், நீடித்த வளர்ச்சி, அதற்கு அந்த ஆண்டுக்கான முன்னுரிமைகள் என்று எல்லாம் வாய் நிறையச் சொல்வார்கள். அதற்கு முந்தைய வருஷத்து முதல் முன்னுரிமை என்ன தெரியுமா? பசுமையை வளர்க்க ஒரு சிமெண்டு ஆலமரம். விழுது உட்பட எல்லாம் சிமெண்டு, பச்சைப் பெயிண்டு, அடியில் நின்று செல்ஃபி எடுக்க ஒரு மேடை, மேடையில் மேயர் பெயர் பொறித்த கல். அதைக் கொண்டுபோய் எங்கே நட்டார்கள் என்றால், ஊர்த் தண்ணீரெல்லாம் கடைசி ஊரணிக்குள் இறங்குகிற வாய்க்கால் வாயிலேயே நட்டார்கள், வாய்க்காலில்தான் குப்பை நிறைந்து மேடாகி இடம் வசதியாக இருந்ததாம். அதேபோல வருஷாவருஷம் ஆயிரம் மரக்கன்று உண்டு. ஆயிரத்துக்கும் ஒரே குழிதான், அலுவலக வாசலில் நிரந்தரமாக இருக்கும், ஒரு கன்றை வைப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், எடுத்துவிட்டு அடுத்ததை வைப்பார்கள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் அந்த ஆண்டு முன்னுரிமைகளை நகல் எடுக்க என் கடைக்குத்தான் கொண்டுவந்தார்கள். சகாயம் என் தோளுக்குமேல் எட்டிப் படித்தாள். முதலில், ஒத்திவைத்த மழையை இறக்குதல். அடுத்து, மேட்டுத்தெருப் பூங்காவில் பசுமை நீரூற்று. அடுத்து, வெப்ப அலையைச் சமாளிக்க மன்றக் கூடத்துக்கு ஏசி. அடுத்து ஆயிரம் மரக்கன்று, அதற்கும் கீழே வீடுதோறும் குப்பை பிரிப்பது, எல்லாவற்றுக்கும் அடியில், தாளின் ஓரத்தில் விழுந்துவிடுகிற மாதிரி, கீழப்பள்ளம் முதல் ஊரணி வாய்வரை வடிகாலைத் தூர்வாருதல். அதற்குக் கீழே ஒவ்வொரு வருஷமும் அச்சடிக்கிற அதே வாசகம்: மன்றத்தில் வாசிக்கப்பட்ட வரிசைப்படி இவை ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேற்றப்படும்.

“நாளைக்கி மொதல்ல எறக்கிருவாங்க மதினி” என்றாள். மிஷின் பாட்டுக்கு நகலாகத் தள்ளிக்கொண்டிருந்தது. வந்து விழுந்த தாள் ஒன்று தலைகீழாக விழுந்தது, அதைத் திருப்பி அடுக்கப் போனவள் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு என்னைப் பார்த்து, “மழ தீர்மானத்தக் கேக்குதுல்ல மதினி?” என்றாள். “கேட்டுத்தான நிக்குது” என்றேன். “அப்ப வரிசைப்படின்னு சொன்னாலும் கேக்கும்” என்று சொல்லிவிட்டு, சாப்பிடக்கூட இல்லாமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் பார்வையாளர் வரிசையில் நானும் போய் உட்கார்ந்தேன், கடையை இழுத்துச் சாத்திவிட்டுத்தான். மேயர் கழுத்தில் மஃப்ளர், கையில் துண்டு. கூட்டம் தொடங்கியதும் சகாயம் எழுந்தாள்.

“மாண்புமிகு மேயர் அவர்களே, ஒரே ஒரு திருத்தம்.”

“வடிகால்தானம்மா? கடைசில இருக்கு, பார்த்தேன். அடுத்த கூட்டத்துல…” என்று வழக்கத்தில் வந்தவர் பாதியில் தும்மினார்.

“இல்லைங்கய்யா. எதையும் சேக்க வேணாம், எதையும் எடுக்க வேணாம். வாசிக்கும்போது மட்டும் கீழ இருந்து மேல வாசிக்கணும்.”

மன்றம் கொல்லென்று சிரித்தது. எதிர்க்கட்சிக் கவுன்சிலர் ஒருவர், “கீழப்பள்ளத்துக்காரவுக, அதான் கீழ இருந்து பாக்குறாக” என்றார். இன்னொருவர், எந்தப் பக்கமிருந்து வாசித்தாலும் வடை ஒன்றுதானே என்றார். இவர்களில் ஒருத்தர் ஒரே ஒரு நிமிஷம் யோசித்தால் போச்சு, ஆனால் எங்கள் மன்றத்தைப் பற்றி எனக்கு அந்தக் கவலை இல்லை.

“எங்கிருந்து வேணா வாசிங்கய்யா” என்றார் மேயர் துண்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு. “இன்னைக்கு எறங்கணும், எனக்கு அவ்வளவுதான். ம், சீக்கிரம்.”

ஐப்பசிக்குப் பிறகு பூவலிங்கம் சார் வாசிக்கும்போது தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. ஒவ்வொரு எழுத்தாக, பாப்பா பாடம் ஒப்பிக்கிற மாதிரி, வடிகாலில் தொடங்கிக் குப்பை, கன்று, ஏசி, நீரூற்று என்று மேலே ஏறி, மழையை இறக்குதல் என்று முடித்து, வாசிக்கப்பட்ட வரிசைப்படி ஒன்றன்பின் ஒன்றாக என்ற வாசகத்தையும் விடாமல் வாசித்தார். மேஜைகளைத் தட்டினார்கள். எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். மழை நின்றது நின்றபடி நின்றது.

“ஏன்யா எறங்கல?” என்றார் மேயர்.

பூவலிங்கம் சார் தாளை இன்னொருமுறை பார்த்தார். “வரிசைப்படின்னு போட்டிருக்குங்கய்யா. மொதல்ல வடிகால். எறக்குறது கடைசில வருது.”

“அது எப்பவும் போடுறதுதானய்யா!”

“எப்பவும் போடுறதுதாங்கய்யா. மழ அத நெசம்னு நெனச்சிருச்சு.”

அப்புறம் எங்கள் ஊரில் நடந்ததுதான் என்னைக் கேட்டால் அதிசயம், மழை நின்றதெல்லாம் ஒரு அதிசயமே இல்லை. ஒரு மாநகராட்சி தன் தீர்மானத்தைத் தானே நிறைவேற்றியது. மறுநாள் காலையிலேயே மேட்டுத்தெருவிலிருந்து மண்வெட்டியோடு ஆட்கள் கீழப்பள்ளத்துக்கு இறங்கி வந்தார்கள், சொட்டச் சொட்ட நனைந்து வந்து எங்கள் மங்கல் வெயிலில் காய்ந்துகொண்டே வடிகாலைத் தோண்டினார்கள். மெத்தை வந்தது, பிரிட்ஜ் கதவு வந்தது, நடந்து முடிந்த தேர்தல்களின் பிளக்ஸெல்லாம் வரிசை மாறாமல் அடுக்கடுக்காக வந்தது, தோற்றவரும் ஜெயித்தவரும் ஒரே சேற்றில் சிரித்தபடி கிடந்தார்கள். கடைசியில் வாய்க்கால் வாய்க்கு வந்தால் சிமெண்டு ஆலமரம். அதை விட்டுவிட்டுச் சுற்றிவர ஒரு சின்னக் குழாய் பதித்துப் பார்த்தார்கள், பதித்து முடிந்தது என்று அறிவித்தும் பார்த்தார்கள். மேலே மழை ஒரு துளிகூட அசையவில்லை. மேயர் நேரில் வந்து மரத்தைப் பார்த்தார், அடியில் இருந்த தன் பெயரைப் பார்த்தார், மஃப்ளரை அவிழ்த்து டிரைவரிடம் கொடுத்துவிட்டுச் சம்மட்டியை வாங்கினார். பாவம், முதல் அடியில் ஒரு விழுதுகூட உதிரவில்லை, நல்ல சிமெண்டுதான் போட்டிருக்கிறார்கள். ஆனால் மனுஷன் விடவில்லை, நாங்களும் சேர்ந்துகொண்டோம், சாயங்காலத்துக்குள் மரம் சாய்ந்தது, மேலே நின்ற மழை அத்தனையும் ஒருதரம் சிலிர்த்து அடங்கியது, வடிகாலை ஒத்துக்கொண்டது என்று புரிந்துகொண்டோம்.

குப்பையில்தான் ஊர் ரெண்டுபட்டது. ஒரு வீட்டில் பிரிக்காவிட்டாலும் மழை இறங்காது என்று தெரிந்துபோனதா, எல்லாரும் எல்லார் வீட்டுத் தொட்டியையும் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். “ஏ பெரியம்மா, ஒங்க பேரனோட டயப்பரு பச்சத் தொட்டியில கெடக்கு! ஒங்களாலதான் ஊரே தாகத்துல சாவுது!” என்று தெருவுக்குத் தெரு சண்டை, பிறகு சண்டையிலேயே பழகி, மக்கும் குப்பை எது மக்காத குப்பை எது என்று வாக்குவாதம் பண்ணத் தெரியாத பிள்ளையே எங்கள் ஊரில் இல்லாமல் போனது. மரக்கன்றை மட்டும் பழையபடி அந்த ஒற்றைக் குழியில் வைத்து போட்டோ எடுத்துப் பார்த்தார்கள். மழை போட்டோவை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயிரம் குழி தோண்டினார்கள், துறட்டிச் சொம்பால் ஆயிரத்துக்கும் தண்ணீர் விட்டார்கள். ஏசியும் வந்தது, நீரூற்றும் வந்தது, ஈரச் சட்டையோடு மேயர் அந்த ஏசிக்குக் கீழே உட்கார்ந்து தும்மின தும்மல் என் கடைவரைக்கும் கேட்டது.

எல்லாம் முடிந்தது. கடைசிப் பொருள் ஒன்றுதான் பாக்கி.

அன்று மத்தியானம் ஊரில் யாரும் கடை திறக்கவில்லை, எல்லாரும் வாசலில் நின்று மேலே பார்த்தோம். சகாயம் என்னையும் எங்கள் வீட்டுக்காரரையும் எதிர்வீட்டு அந்தோணியையும் கூப்பிட்டு, அப்பாவைப் பரணில் ஏற்ற வேண்டும் என்றாள். சூசை மாமா கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“ஏறமாட்டேன். தரையில படுக்க வைக்கிறேன்னு ஊருக்கே மைக் போட்டுச் சொன்னியா இல்லியா?”

“அப்பா, வெளையாடாதீங்க. அது தாங்குமான்னு எனக்கே தெரியல. ரெண்டு மாச மழப்பா!”

“தெரியலேன்னா பாத்துத் தெரிஞ்சுக்க. நானும் பாக்கணும்.”

அவள் கத்தினாள், கெஞ்சினாள், கடைசியில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள், உணர்ச்சியில்லாத கால் அது, அவருக்கு அவள் பிடித்ததுகூடத் தெரிந்திருக்காது. மாமா அசையவில்லை. வேறு வழியில்லாமல் ஆளுக்கொரு மூலையில் நின்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டோம், தண்ணீர் படியைத் தாண்டினால் கட்டிலோடு தூக்கிவிடுவது என்று. அப்போது மழை இறங்கியது.

சத்தத்தை எப்படிச் சொல்ல. ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்து ஒரே மத்தியானத்தில் இறங்கினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்கவில்லை, தெரு தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் மேட்டுத்தெருத் தண்ணீர் செம்மண் கரைந்து சிவப்பாக எங்கள் தெரு முக்கில் திரும்பியது. எத்தனை வருஷமாகப் பார்த்த வரவு, அது எங்கே திரும்பும், எந்த வீட்டில் முதலில் ஏறும் என்று எங்களுக்கு மனப்பாடம். என் கைக்குள் கட்டில் கால் வழுக்கியது. சகாயம் கண்ணை மூடிக்கொண்டு ‘மாதாவே மாதாவே’ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தண்ணீர் வாசல்வரை வந்தது, முதல் படியை நக்கியது, இரண்டாவது படியில் ஏறியது, நான் தூக்குங்க என்று கத்தினேன்.

“இருங்கடி” என்றார் மாமா.

தண்ணீர் இரண்டாவது படியில் கொஞ்ச நேரம் தயங்கினாற்போல நின்றது. பிறகு பக்கத்தில் தோண்டியிருந்த வடிகாலைக் கண்டுகொண்டு உள்ளே சரிந்தது, சரிந்ததும் பின்னால் வந்த அத்தனையும் அதன் வழியே போனது, குதித்துக்கொண்டு, சத்தம் போட்டுக்கொண்டு, எங்கள் வாசலைத் தாண்டி வாய்க்காலுக்கு, வாய்க்காலைத் தாண்டி ஊரணிக்கு. விடாமல் போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் கட்டிலைப் பிடித்த பிடி விடாமல் பொழுது சாய்கிறவரை நின்றோம், விடலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மாமா தலையணையில் முழங்கையை ஊன்றி எழும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது, சாரலா என்னவென்று நான் பார்க்கவில்லை.

“ஏ சகாயம்” என்றார். “இத்தன வருஷமும் தண்ணியோட மொகத்தத்தான் பாத்திருக்கேன். அதோட முதுக இன்னைக்கித்தான் பாக்குறேன்.”

மன்றத்தையே வாயடைத்த பிள்ளை கட்டில் காலை விட்டுவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கெல்லாம் டீ போட உள்ளே போனாள். அடுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.